பீரை வருடக்கணக்கில் எடுத்து வைக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெல்ஜியம், இங்கிலாந்து நாட்டுப் பீர்களை ருசிக்கத் தொடங்கியவர்களுக்குச் சீக்கிரமே ஒரு சந்தேகம் வரும்: இதில் சில பாட்டில்களை இப்போது குடிக்காமல் எடுத்து வைத்தால் இன்னும் நன்றாக இருக்குமா? அதையும், அதை ஒட்டி வரும் மற்ற கேள்விகளையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எடுத்து வைக்கும் எந்தப் பீரும் எதையாவது இழக்கும். இழந்த இடத்தில் வேறொரு நல்ல சுவை வந்து உட்காரும் பீர்கள் சிலதான். அந்தச் சிலவற்றை அடையாளம் காண்பதுதான் முழு வேலையும்.

எந்தப் பீரை எடுத்து வைத்தாலும் முதிருமா?

முதிராது. கடையில் விற்கும் பீரில் மிகப் பெரும்பகுதி புதிதாகக் குடிப்பதற்கென்றே காய்ச்சியது. லாகர், பில்ஸ்னர், சாதாரண கோதுமை பீர் எல்லாம் இதில் அடங்கும். ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்ற ஹாப்ஸ் மிகுந்த வகையை எடுத்து வைப்பது அதற்குச் செய்யும் அநியாயம். அதன் உயிர் ஹாப்ஸ் பூவின் வாசத்தில் இருக்கிறது, முதலில் பறந்துபோவதும் அந்த வாசம்தான். கலிபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் மதுச்சாலை காய்ச்சும் 'பிளினி தி எல்டர்' பாட்டிலில், இதைச் சேமித்து வைக்காதீர்கள், உடனே குடியுங்கள் என்று லேபிளிலேயே கெஞ்சிக் கேட்டிருப்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்பது நல்லது.

மூடிய பாட்டிலுக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்கின்றன. முதலில் ஹாப்ஸ் வாசம் மங்கும், பிறகு மெதுவாகக் கசப்பும் குறையும். கசப்பைத் தரும் அமிலங்கள் சிதைவதுதான் காரணம். கசப்பு பின்வாங்கியதும் அதுவரை மறைந்திருந்த மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) இனிப்பு முன்னால் வரும். பழைய பீர் புதியதைவிட இனிப்பாகத் தெரிவது இதனால்தான். சர்க்கரை ஒன்றும் கூடுவதில்லை.

அடுத்தது ஆக்ஸிஜன். எவ்வளவு கவனமாக அடைத்தாலும் பாட்டிலுக்குள் கொஞ்சம் இருக்கும், மூடி வழியாகவும் வருடக்கணக்கில் துளித்துளியாக உள்ளே வரும். வெளிர் நிறப் பீரில் இது நனைந்த அட்டைப்பெட்டி வாடையைக் கொண்டுவரும். அதற்குக் காரணமான பொருளுக்கு டிரான்ஸ்-2-நோனினால் என்று பெயர். அடர்த்தியான கறுத்த பீரில் அதே ஆக்ஸிஜன் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. வறுத்த மால்ட்டில் இருக்கும் பொருள்களோடு சேர்ந்து உலர்திராட்சை, அத்தி, பேரீச்சை, ஷெர்ரி ஒயின் போன்ற சுவைகளை உண்டாக்கும். புதுப்புளி ஒரு வருடத்தில் கறுத்து, கூர்மை போய், ஆழம் கூடுகிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி மாற்றம் இது.

அப்புறம் ஈஸ்ட். பாட்டிலின் அடியில் உயிரோடு இருக்கும்வரை உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனைக் கொஞ்சம் தின்று பீரைக் காப்பாற்றும். ரொம்ப வருடம் போனால் அதுவும் செத்துச் சிதையும். அப்போது சோயா சாஸ், இறைச்சிச் சாறு போன்ற வாடை எட்டிப் பார்க்கும். துளியூண்டு இருந்தால், ஸ்டவுட் என்ற வறுத்த மால்ட்டுக் கறுப்புப் பீரில் அது அழகு. கூடினால் பாட்டில் தன் காலத்தைக் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்படியானால் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஆல்கஹாலை முதலில் பாருங்கள். பொதுவாக 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தாங்கும். புதிதாக இருக்கும்போது தொண்டையில் சுடும் அந்தக் காரம் வருடங்கள் போகப் போகத் தணியும் என்பது கூடுதல் லாபம். ஆனால் ஆல்கஹால் மட்டும் போதாது. நிறைய மால்ட், வாயில் கனமாக நிற்கும் அடர்த்தி, கருநிறம், பாட்டிலிலேயே தொடர்ந்து நொதிக்கும் ஈஸ்ட், இவையும் சேர்ந்திருக்க வேண்டும். ஆல்கஹால் குறைவாக இருந்தும் நன்றாக முதிர்பவை உண்டு: புளிப்புப் பீர்களும், பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட் சேர்ந்தவையும்.

காபி, வனிலா, தேங்காய், மிளகாய் சேர்த்த ஸ்டவுட்டுகளைப் பொறுத்தவரை என் யோசனை, அவற்றை வாங்கிய சில மாதங்களில் குடித்துவிடுங்கள். அடியில் இருக்கும் ஸ்டவுட் தாங்கும், மேலே சேர்த்த வாசம் தாங்காது. காபி சேர்த்தவை நாளாக நாளாகப் பச்சைக் குடைமிளகாய் வாடைக்குப் போவதுண்டு.

இன்னொன்று: புதிதாகக் குடிக்கும்போது பிடிக்காத பீரை 'பழசானால் சரியாகிவிடும்' என்று எடுத்து வைக்காதீர்கள். குறையோடு காய்ச்சியது வருடம் போனால் குறையோடு பழசாகும், அவ்வளவுதான்.

டாஸ்மாக்கில் கிடைக்கும் 'ஸ்ட்ராங்' பீரிலும் 8 சதவீதம்வரை இருக்கிறதே, அதை வைக்கலாமா?

வேண்டாம். அது ஆல்கஹால் கூடின வெளிர் லாகர். அந்தக் காரத்தில் ஒரு பங்கு சர்க்கரையோ அரிசியோ சேர்த்து வருவது. முதிர்ந்து வேறொன்றாக மாற அதில் மால்ட்டே போதாது. வடிகட்டி, பாஸ்டரைஸ் செய்துதான் அடைக்கிறார்கள், ஈஸ்ட்டும் கிடையாது. லேபிளில் பெரும்பாலும் ஆறு மாதக் கெடு போட்டிருக்கும். அந்தக் கெடுவுக்குள் குளிரக் குடிப்பதுதான் அதற்கு மரியாதை.

முதன்முதலில் எடுத்து வைக்க ஒரே ஒரு பீர் சொல்லுங்கள் என்றால்?

ஓர்வல். யோசிக்கவே வேண்டாம்.

பெல்ஜியத்தின் தெற்கு ஓரத்தில், பிரான்ஸ் எல்லையை ஒட்டி இருக்கும் ஓர்வல் மடத்தில் டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மேற்பார்வையில் காய்ச்சப்படுவது. வெளியே விற்பனைக்கு அவர்கள் காய்ச்சுவது இந்த ஒரு பீரைத்தான். ஆல்கஹால் 6.2 சதவீதம்தான், நிறமும் ஆரஞ்சு சாயல்தான். மேலே நான் சொன்ன விதிகளுக்கு வெளியே நிற்கிறது. ஆனால் பாட்டிலில் அடைக்கும்போது பிரெட்டனோமைசஸ் சேர்க்கிறார்கள். மற்ற ஈஸ்ட் தொடாமல் விட்ட சர்க்கரையை அது மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தின்னும்.

அதனால் ஒரே பெயரில் பல பீர்கள் கிடைக்கின்றன. அடைத்து ஓரிரு மாதத்தில் குடித்தால் ஹாப்ஸ் வாசம், ஆரஞ்சுத் தோல், நல்ல கசப்பு. ஆறு மாதத்தில் கசப்பு அடங்கிப் பதனிட்ட தோல், காய்ந்த வைக்கோல் வாசம் எழும். ஒரு வருடம் தாண்டினால் இனிப்பே இல்லாமல் வறட்சியாக, துள்ளலாக, வேறு ஆளாக நிற்கும். மடத்தை ஒட்டிய விடுதியிலேயே இளசு, பழசு என்று இரண்டாகப் பரிமாறுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடங்குகிறவருக்கு இது ஏன் சரி என்றால், மாற்றத்தைப் பார்க்கப் பத்து வருடம் காத்திருக்க வேண்டாம். விலையும் சிறப்பு வெளியீடுகள் மாதிரிக் கையைக் கடிக்காது. பாட்டிலில் அடைத்த தேதியையும், அதிலிருந்து ஐந்து வருடம் தள்ளி வரும் கெடுவையும் லேபிளிலேயே அச்சிடுகிறார்கள், அதனால் வயதைக் கணக்கிடுவதில் குழப்பமே இல்லை. ஆறு பாட்டில் வாங்கி ஒன்றை அன்றே குடியுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒன்றாகத் திறந்து பாருங்கள். இந்தப் பொழுதுபோக்கு உங்களுக்கு ஏற்றதா என்று அந்த ஆறு பாட்டிலே சொல்லிவிடும்.

பெல்ஜியத்தின் மற்ற மடத்துப் பீர்கள்?

கறுத்த, கனமான வகைகளை நம்பி வைக்கலாம். ஷிமே ப்ளூ 9 சதவீதம்; லேபிளில் ஆண்டு போட்டு வருவதால் அடுத்தடுத்த வருடங்களை வரிசையாக வைத்துச் சுவைக்க வசதி. 750 மில்லி பாட்டிலிலும், ஒன்றரை லிட்டர் மேக்னத்திலும் கிடைக்கும். பெரிய பாட்டிலில் பீரின் அளவுக்கு உள்ளே இருக்கும் காற்று குறைவு என்பதால் அது நிதானமாக முதிரும். ரோஷ்ஃபோர் 10, பெயர் 10 ஆனாலும் ஆல்கஹால் 11.3 சதவீதம், ஐந்து வருடத்தில் அத்தியும் சாக்லேட்டுமாக உருண்டு வரும்.

எல்லோரும் துரத்தும், வெஸ்ட்விளேட்டரன் மடத்தின் 12 (10.2 சதவீதம்) அருமையான பீர்தான். கிடைக்கவில்லை என்று ஏங்க வேண்டாம். வாட்டூ ஊரின் சென்ட் பெர்னார்டஸ் மதுச்சாலை 1946 முதல் 1992 வரை அந்த மடத்துக்காக உரிமம் பெற்றுக் காய்ச்சிக்கொண்டிருந்தது. அவர்களுடைய ஆப்ட் 12 அந்த வழியில் வந்தது, நல்ல கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும், எடுத்து வைக்கவும் ஏற்றது.

டூவெல் போன்ற பொன்னிற ஸ்ட்ராங் ஏலும், டிரிப்பல் என்ற வெளிர் நிறக் கனமான வகையும் வேறு கணக்கு. 8, 9 சதவீதம் இருந்தாலும் அவற்றின் அழகு புத்துணர்ச்சியில் இருக்கிறது. நான் அவற்றை வைப்பதில்லை.

இங்கிலாந்தின் பார்லிவைன் பற்றி நிறையச் சொல்கிறார்களே?

சொல்லத்தான் வேண்டும். பெயரில் வைன் இருந்தாலும் அது ஆல்கஹாலும் மால்ட்டும் மிகுந்த பீர்தான். பீரை வருடக்கணக்கில் வைக்கும் பழக்கத்துக்கு இங்கிலாந்து ஒரு தாய்வீடு. பர்ட்டன் நகரில் பாஸ் மதுச்சாலை 1869-ல் காய்ச்சிய ராட்கிளிஃப் ஏல் பாட்டில்கள் 2006-ல் அங்குள்ள நிலவறையில் கண்டெடுக்கப்பட்டன. சுவைத்தவர்கள் இன்னும் குடிக்கும்படி இருக்கிறது என்றார்கள். 1902-ல் அரசர் ஏழாம் எட்வர்ட் அதே மதுச்சாலைக்கு வந்து தொடங்கிவைத்த கிங்ஸ் ஏல் பாட்டில்களும் இன்றுவரை சேகரிப்பவர்கள் கையில் இருக்கின்றன.

நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி இறந்து 40 ஆண்டு ஆனதை ஒட்டி, 1968-ல் டார்செஸ்டரின் எல்ட்ரிட்ஜ் போப் மதுச்சாலை 'தாமஸ் ஹார்டிஸ் ஏல்' என்று ஒன்றைக் காய்ச்சியது. சுமார் 12 சதவீதம். 25 வருடம் தாங்கும் என்று காய்ச்சியவர்களே சொன்னார்கள். 1999-க்குப் பிறகு அது கை மாறிக் கை மாறி, இடைவெளி விட்டு விட்டுத்தான் வந்திருக்கிறது. எதிர்ப்பட்டால் விடாதீர்கள். ஆனால் இளசாகத் திறந்தால் அது மூர்க்கமாக இருக்கும். குறைந்தது ஐந்து வருடமாவது பொறுக்கும் மனம் வேண்டும்.

சுலபமாகக் கிடைப்பதில் எனக்குப் பிடித்தது லண்டன் சிஸ்விக்கின் ஃபுல்லர்ஸ் விண்டேஜ் ஏல். 1997 முதல் ஆண்டுக்கு ஒன்றாக வருகிறது, 8.5 சதவீதம், ஈஸ்ட்டோடு அடைத்தது. மால்ட், ஹாப்ஸ் தேர்வு ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் ஒவ்வொரு வருடமும் அதற்கென்று ஒரு குணத்தோடு பழசாகும். மான்செஸ்டர் பக்கத்து ஜே. டபிள்யூ. லீஸின் ஹார்வெஸ்ட் ஏல் 11.5 சதவீதம், 1986 முதல். இனிப்பு அதிகம், பத்து வருடத்தில் ஷெர்ரியும் டாஃபியுமாக இருக்கும்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு சியரா நெவாடாவின் பிக்ஃபுட் போதும். 1983 முதல் வருகிறது, 9.6 சதவீதம், விலையும் நியாயம். புதிதாக இருக்கும்போது ஹாப்ஸ் கசப்பு வாயைக் கட்டிப்போடும், மூன்றாம் வருடத்திலிருந்துதான் மால்ட் பேசத் தொடங்கும்.

ஸ்டவுட்? நம் பக்கத்து லயன் ஸ்டவுட்டை வைக்கலாமா?

ஆல்கஹால் கூடின இம்பீரியல் ஸ்டவுட் எடுத்து வைப்பதற்கென்றே பிறந்த மாதிரி வகை. 18-ஆம் நூற்றாண்டில் லண்டனின் சதர்க்கிலிருந்து ரஷ்யப் பேரரசின் அரண்மனைக்குக் கப்பலில் போனதால்தான் அந்தப் பெயர். கலிபோர்னியாவின் நார்த் கோஸ்ட் மதுச்சாலை காய்ச்சும் ஓல்ட் ரஸ்புடின் (9 சதவீதம்) போல எதுவும் சேர்க்காத எளிய ஸ்டவுட்டைத் தேர்ந்தெடுங்கள். ஓரிரு வருடத்தில் வறுத்த கரிப்பு தணிந்து சாக்லேட் மிஞ்சும்.

இலங்கையின் லயன் ஸ்டவுட் 8.8 சதவீதம். பிரிட்டிஷ் பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் பாராட்டி எழுதியதால் உலகெங்கும் கவனம் பெற்றது. லண்டனிலும் டொராண்டோவிலும் நம்மவர்கள் கடைகளில் கிடைக்கும். நல்ல குளிரில் ஒன்றிரண்டு வருடம் வைத்துப் பார்க்கலாம். வெல்லப்பாகு, உலர்திராட்சை பக்கம் சாயும். இவ்வளவு குறைந்த விலையில் இந்த வகையைப் பழகிக்கொள்ள வேறு வழி இல்லை. ஆனால் பத்து வருடக் கனவு அதில் வேண்டாம். புதிதாகவே அது அத்தனை நன்றாக இருக்கிறது.

குயூஸ் என்ற பெல்ஜியப் புளிப்புப் பீர் 5, 6 சதவீதம்தானே, அது எப்படி 20 வருடம் தாங்கும்?

அதற்குக் கெட்டுப்போக மிச்சம் ஒன்றும் இல்லை என்பதால். பிரஸ்ஸல்ஸைச் சுற்றிய பகுதியில், காய்ச்சிய சாற்றை அகலமான தொட்டியில் திறந்துவிட்டுக் காற்றில் வரும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவுமே நொதிக்கவிடுகிறார்கள். அதுதான் லாம்பிக். மரப்பீப்பாயில் ஒன்று, இரண்டு, மூன்று வருடம் கிடந்த லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் குயூஸ். சர்க்கரை கிட்டத்தட்ட முழுதும் தீர்ந்திருக்கும், புளிப்பு தற்காக்கும், பிரெட்டனோமைசஸ் ஆக்ஸிஜனைத் தின்றுகொண்டே இருக்கும். ஹாப்ஸைக்கூட வாசத்துக்காகச் சேர்ப்பதில்லை, பழைய ஹாப்ஸைக் காப்புக்காகச் சேர்ப்பார்கள். ஆகவே மங்கிப்போக வாசமும் இல்லை. கான்டியோன், போன், டிரை ஃபான்டேனன், டில்கான், இந்த நான்கில் எதை வாங்கினாலும் நம்பி வைக்கலாம்.

செர்ரி, ராஸ்ப்பெர்ரி சேர்த்தவற்றைச் சீக்கிரம் குடித்துவிடுங்கள். பழம்தான் முதலில் விடைபெறும்.

எங்கள் ஊரில் வருடத்தில் பாதி நாள் 35 டிகிரி. வீட்டில் நிலவறையும் இல்லை. என்ன செய்வது?

வெயில் ஊர்க்காரர்கள் தவறாமல் கேட்பது இது. மற்ற எதையும்விட முக்கியமானதும் இதுதான். எந்தப் பீர் என்பதைவிட எந்தச் சூட்டில் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும்.

காய்ச்சுபவர்களிடையே 3-30-300 என்று ஒரு கணக்கு புழங்குகிறது. பீர் 32 டிகிரியில் 3 நாளில் அடையும் முதுமையை 22 டிகிரியில் 30 நாளிலும், 3 டிகிரியில் 300 நாளிலும் அடையும் என்பது அது. துல்லியமான சூத்திரம் அல்ல, ஆனால் போக்கு அதுதான். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அலமாரியில் இரண்டு வருடம் வைத்த பாட்டில் முதிர்வதில்லை, வெந்துபோகிறது. பழச்சுவைக்குப் பதில் தட்டையான, கருகிய சர்க்கரை வாடை வரும்.

2009-ல் பெல்ஜியத்தின் டிரை ஃபான்டேனனில் கிடங்கின் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகிச் சூடு தாறுமாறாக ஏறியது. பாட்டில்கள் வெடித்தன, பல்லாயிரம் பாட்டில் குயூஸ் வீணானது. மிச்சத்தைக் காய்ச்சி வடித்து ஆர்மான்ட் ஸ்பிரிட் என்று விற்றார்கள். 20 வருடம் தாங்கும் பீரையே சூடு இப்படி முடித்துவிடும்.

10 முதல் 13 டிகிரி சரியான இடம். நம் ஊர்களில் அதற்கு ஒரே நம்பகமான வழி ஒயின் வைக்கும் சிறிய ஃபிரிட்ஜ். அது இல்லையென்றால் சாதாரண ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு. 4 டிகிரியில் முதிர்வு மிக மெதுவாகப் போகும், பீர் கலங்கலாகத் தெரியலாம், ஆனால் கெடாது. பிரெட்டனோமைசஸ் வகைகள் மட்டும் அந்தக் குளிரில் தூங்கிவிடும். சூடு ஏறி இறங்காமல் ஒரே நிலையில் இருப்பதும் முக்கியம். பகலில் ஏசி, இரவில் நிறுத்தம் என்று இருக்கும் அறை அதனால்தான் சரிப்படாது. மின்வெட்டு சில மணி நேரம் என்றால் கவலை வேண்டாம், கதவைத் திறக்காமல் இருந்தால் போதும்.

ஃபிரிட்ஜில் இடமும் இல்லை என்றால் எடுத்து வைக்காதீர்கள். வாங்கி, குளிரவைத்து, குடியுங்கள். வீட்டில் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கு மாநிலத்துக்கு மாநிலம் சட்ட வரம்பு உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நிறுத்தி வைப்பதா, படுக்க வைப்பதா?

நிறுத்தி. ஈஸ்ட் அடியில் படியும், காற்று படும் பரப்பும் குறையும். கார்க் அடைத்த குயூஸ் மட்டும் விதிவிலக்கு. காய்ச்சுபவர்களே படுக்க வைக்கிறார்கள்.

வெளிச்சம் பட்டால் என்ன?

ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சத்தில் உடைந்து கந்தக நாற்றம் தரும். நேர் வெயிலில் நிமிடங்களே போதும். பழுப்புப் பாட்டில் ஓரளவு தடுக்கும், பச்சையும் வெள்ளையும் தடுக்காது. கடையில் குழல்விளக்குக்குக் கீழே மாதக்கணக்கில் நின்ற பாட்டிலை வாங்காதீர்கள்.

ஒரு வகையில் எத்தனை பாட்டில் வாங்கலாம்?

குறைந்தது மூன்று. ஒன்றை இப்போதே குடித்து, வாசம், கசப்பு, இனிப்பு எப்படி இருந்தது என்று நான்கு வரி எழுதி வையுங்கள். அது இல்லாமல் மூன்று வருடம் கழித்துத் திறந்தால் எதனோடு ஒப்பிடுவீர்கள்? இரண்டாவதை ஒரு வருடத்தில் திறங்கள். நல்ல பக்கம் போகிறதென்றால் மூன்றாவதை விட்டு வைக்கலாம். சரிகிறது என்று தோன்றினால் அன்றே அதையும் முடித்துவிடுங்கள். ஒரே ஒரு பாட்டிலை வாங்கி வைத்தவர்களுக்கு அதைத் திறக்கவே மனம் வராது, கடைசியில் அது காலம் கடந்துதான் திறக்கப்படும். வாங்கிய தேதியைக் காகித டேப்பில் எழுதிப் பாட்டிலில் ஒட்டுங்கள்.

எத்தனை வருடம் வைப்பது?

நல்ல குளிரில் வைத்தால் ஓர்வல் ஆறு மாதம் முதல் மூன்று வருடம். கறுத்த மடத்துப் பீர் இரண்டு முதல் ஆறு. பார்லிவைன் மூன்று முதல் பத்து. இம்பீரியல் ஸ்டவுட் ஒன்று முதல் ஐந்து. ஆஸ்திரியாவின் சாமிக்லவுஸ் ஆண்டுக்கு ஒரு முறை டிசம்பர் 6-ல் காய்ச்சும் 14 சதவீத லாகர். அது பத்தையும் தாண்டும். நீளமாக வைப்பதைவிடச் சற்று முன்னதாகத் திறப்பதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

கெடு தேதி தாண்டியதைக் குடித்தால் உடம்புக்கு ஆகாதா?

பீரின் ஆல்கஹால், புளிப்பு, ஹாப்ஸ் மூன்றும் சேர்ந்து நோய்க் கிருமிகளை வளரவிடாது. பழைய பீர் ருசியில்லாமல் போகலாம், விஷமாவதில்லை. மூடி உப்பியோ கசிந்தோ இருந்தால் மட்டும் கவனம். உள்ளே அழுத்தம் கூடியிருக்கும். நன்றாகக் குளிரவைத்து, துணி சுற்றி, முகத்தை விலக்கிக் கழுவுதொட்டியில் திறங்கள்.

திறந்து ஊற்றும் முறை ஏதும் உண்டா?

இரண்டு நாள் முன்பே பாட்டிலை நிறுத்தி வையுங்கள், வண்டல் முழுதும் அடியில் இறங்கட்டும். குயூஸைப் படுத்த வாக்கிலேயே சிறு கூடையில் வைத்து ஊற்றும் பழக்கமும் பெல்ஜியத்தில் உண்டு. கனமான பீரைப் பனிக்கட்டி மாதிரிக் குளிரவைத்தால் நீங்கள் காத்திருந்த சுவையெல்லாம் ஒளிந்துகொள்ளும். 12, 13 டிகிரி போதும். அகலமான கண்ணாடிக் கோப்பையில், பாட்டிலை அசைக்காமல் ஒரே மூச்சில் ஊற்றி, கடைசி இரண்டு விரற்கடையைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். பழைய பாட்டிலில் நுரை குறைவாக எழுவது இயல்பு. 750 மில்லி என்றால் மூன்று நான்கு பேரை அழையுங்கள், ஏனென்றால் திறந்ததை மூடி மறுநாளுக்கு வைக்க முடியாது. மிஞ்சினால் பெல்ஜியக்காரர்கள் செய்வதுபோல மாட்டிறைச்சியோடும் வெங்காயத்தோடும் சேர்த்து இரண்டு மூன்று மணி நேரம் சிறு தீயில் வேகவிடுங்கள். குயூஸ், ஓர்வல் இரண்டையும் அதில் ஊற்றாதீர்கள், குழம்பு புளித்தும் கசந்தும் போகும். கறுத்த மடத்துப் பீர்தான் அதற்குப் பொருந்தும்.